இரண்டாவதாக இறங்குகிறவர்

ஆங்கிலத்தில் தலையங்கம் எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு கேனரி வளர்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். பவளப்பாறைகள் வெளுத்தால் அவை நிலக்கரிச் சுரங்கத்துக் கேனரி. தவளைகள் குறைந்தால் தவளைதான் கேனரி. சின்ன வங்கி ஒன்று கதவைச் சாத்தினாலும், தீவுநாடு ஒன்றின் கரை கடலுக்குள் போனாலும், பெரிய கணினி நிறுவனம் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தினாலும் அதே மஞ்சள் குருவிதான் பறந்து வந்து உட்காரும். பெருங்கேடு ஒன்று வந்துகொண்டிருக்கிறது, அது நம்மைத் தொடுவதற்கு முன் நம்மைவிட நொய்ந்த ஓர் உயிரைத் தொட்டுக் காட்டும், அதைப் பார்த்துப் பிழைத்துக்கொள் என்பது அந்தச் சொல்வழக்கின் பொருள். தமிழ்ப் பத்திரிகைக்காரர் இந்த இடத்தில் ‘அபாயச் சங்கு’ என்று தலைப்புப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். ஊதினால் சங்குக்கு ஒன்றும் ஆவதில்லை. கேனரியோ செத்துத்தான் சேதி சொல்லும் என்று எல்லோரும் நம்புகிறார்கள்.

அந்த நம்பிக்கையோடு ஒரு படமும் சேர்ந்தே வருகிறது. பூமிக்கடியில் கரி வெட்டும் இடத்தில் கம்பிக் கூண்டு ஒன்று தொங்குகிறது. கீழே ஆட்கள் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். குருவி பாடிக்கொண்டே இருக்கிறது. பாட்டு நின்றதும் எல்லோரும் கருவிகளைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். நல்ல படம்தான், சினிமாவுக்கு ஆகும். உண்மையில் நடந்ததோடு ஒப்பிட்டால் அதில் இரண்டு பிழைகள் உண்டு. அந்தக் குருவி சாகவேண்டும் என்று யாரும் அதைக் கொண்டுபோகவில்லை. சாகாமல் பார்த்துக்கொள்ளவே தனியாக ஒரு கூண்டு செய்தார்கள். அடுத்த பிழை இதைவிடப் பெரிது. கேனரி பெரும்பாலும் போனது கேட்டுக்கு முன்னால் இல்லை, பின்னால். வெடித்து முடிந்த சுரங்கத்துக்குள், உள்ளே கிடப்பவர்களைத் தேடிப் போகிறவர்களின் கையில் அது இருந்தது. முதலில் இறங்கியவரை எச்சரிக்க வந்ததல்ல அது. அவரைத் தூக்க இரண்டாவதாக இறங்குகிறவருக்கான பறவை.

கதை வேல்ஸில் தொடங்குகிறது. 1896 ஜனவரி 27 அதிகாலையில் ராண்டா பள்ளத்தாக்கில் டைலர்ஸ்டவுன் சுரங்கம் வெடித்தது. 57 பேர் இறந்தார்கள். உள்ளே வண்டி இழுத்துக்கொண்டிருந்த குதிரைகளும் செத்தன. அந்தக் காலத்தில் சுரங்கம் வெடிப்பது புதுச் செய்தி இல்லை. நிலக்கரிப் படுகையிலிருந்து கசியும் மீத்தேன் ஒரு பொறி பட்டதும் தீப்பிடிக்கும். அந்த அதிர்ச்சியில் எழும்பும் கரித்தூசியும் சேர்ந்து எரிந்து சுரங்க வழி முழுக்க ஓடும். இறந்தவர்கள் வெடியில் சிதறியோ தீயில் வெந்தோ இறந்தார்கள் என்பதுதான் பொதுவான எண்ணம். ஆக்ஸ்ஃபோர்டில் உடலியல் கற்பித்துக்கொண்டிருந்த ஜான் ஸ்காட் ஹால்டேன், அரசு கேட்டுக்கொண்டதன் பேரில், உடல்களைப் பார்க்கப் போனார்.

அவர் கண்டது வேறு. பெரும்பாலோர் உடலில் உயிரைப் பறிக்கும் அளவுக்குக் காயம் இல்லை. முகம் ரோஜா நிறத்தில் இருந்தது. உயிரோடிருந்த நாளில் இவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாரா என்று வீட்டார் சந்தேகப்படும்படியான நிறம். ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்து நிறையத் தண்ணீரில் கலந்தால் சாதாரண மனித ரத்தம் மஞ்சளாகத் தெரியும். இவர்களுடையது இளஞ்சிவப்பாகவே நின்றது. கார்பன் மோனாக்சைடு குடித்த ரத்தம் அது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், கார்பன் மோனாக்சைடு கிடைத்துவிட்டால் ஆக்சிஜனைக் கைவிட்டுவிடும். இதன்மேல் அதற்கு இருக்கும் பற்று ஆக்சிஜன் மேல் இருப்பதைப் போல 200 மடங்குக்கும் அதிகம். ஆக, வெடிப்பு கொன்றது சிலரைத்தான். வெடிப்புக்குப் பிறகு சுரங்கத்தை நிறைத்த காற்றுதான் மற்றவர்களைக் கொன்றது. வெடித்த இடத்திலிருந்து தப்பி நடந்து வந்தவர்கள் நடந்த வழியிலேயே உட்கார்ந்து போயிருக்கிறார்கள். அந்த ஆண்டே ஹால்டேன் அறிக்கை கொடுத்தார்.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, தொண்டையில் எரிச்சல் இல்லை. மூச்சுத் திணறுகிற உணர்வுகூட அநேகமாக வராது. தலை கொஞ்சம் கனக்கும், கால் தளரும், உட்காரலாம் போலத் தோன்றும். சிலருக்குக் குடித்ததுபோல உற்சாகம்கூட வரும். தனக்கு ஆபத்து என்று நினைக்கிற மூளையைத்தான் அது முதலில் மந்தமாக்குகிறது. ஹால்டேன் இதைப் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. டைலர்ஸ்டவுனுக்கு முந்தைய ஆண்டே தன் சோதனைக் கூடத்தில் உட்கார்ந்து அளவு பார்த்து இந்த வாயுவைத் தானே சுவாசித்து, தன் ரத்தத்தில் பாதிக்கும் மேல் அது ஏறும்வரை குறிப்பெழுதியவர். பிற்பாடு முதல் உலகப் போரில் ஜெர்மானியர் நச்சுப்புகை விட்டபோது அது என்ன புகை என்று பார்க்கப் போனவரும் இவரே. ஆழ்கடலில் மூழ்குகிறவர்கள் எவ்வளவு மெதுவாக மேலே வரவேண்டும் என்று 1908-இல் முதல் அட்டவணை போட்டுக் கொடுத்தவரும் இவரே. காற்றுக்கு வாழ்க்கைப்பட்டவர் என்று சொல்லலாம்.

வீட்டுப் பிள்ளையையும் விட்டுவைக்கவில்லை. சிறுவனாயிருந்த மகனை ஸ்டாஃபோர்டுஷயரில் ஒரு சுரங்கத்துக்குள் கூட்டிப்போய், கூரையை ஒட்டி மீத்தேன் தங்கியிருந்த இடத்தில் நிமிர்ந்து நிற்கச் சொல்லி, ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் மார்க் ஆன்டனி பேசும் பேச்சை ஒப்பிக்கச் சொன்னார். பேச்சு பாதியில் நிற்க, பையன் கால் மடங்கித் தரையில் விழுந்தான். தரையில் காற்று நன்றாக இருந்தது, எழுந்துகொண்டான். மீத்தேன் காற்றைவிட லேசானது என்ற பாடத்தை அவன் ஆயுளுக்கும் மறந்திருக்க மாட்டான். அந்தப் பையன்தான் ஜே.பி.எஸ். ஹால்டேன். மரபியலில் பெரிய பேர் எடுத்து, 1957-இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேஸ்வரத்தில் இறந்தவர். தன் உடலைக் காக்கிநாடா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் அறுத்துப் படிக்க எழுதிவைத்துவிட்டுப் போனார். அப்பன் பிள்ளை.

சுரங்கக்காரர்களிடம் அதற்கு முன்பே ஒரு காவல் இருந்தது: விளக்கு. 1815-இல் ஹம்ஃப்ரி டேவி செய்த கம்பிவலை விளக்கில் சுடர் நீலத் தொப்பி போட்டுக்கொண்டால் மீத்தேன் இருக்கிறது என்று பொருள். சுடர் மங்கி அணைந்தால் ஆக்சிஜன் போதவில்லை என்று பொருள். நம் ஊர்களிலும் இந்தக் கணக்கு உண்டு. நெடுநாள் புழங்காத கிணற்றில் தூர் வார இறங்குமுன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். பாதிக் கிணற்றில் விளக்கு அணைந்தால் அன்றைக்கு வேலை இல்லை. வேப்பங்கொத்தைக் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்கி விடுகிறவர்களும் உண்டு. அடியில் தேங்கும் கரியமில வாயுவுக்கு இது சரியான சோதனை. ஆனால் வறட்சிக் காலத்தில் கிணற்றுக்குள்ளேயே டீசல் எஞ்சினை இறக்கி ஓட்டித் தண்ணீர் இறைக்கும்போது, அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு இந்த விளக்கு வாய் திறக்காது. ஆளைக் கொல்லும் அளவு அது நிறைந்திருந்தாலும் சுடர் பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். டைலர்ஸ்டவுன் போன்ற சுரங்கங்களில் விளக்கை நம்பி உள்ளே போனவர்களுக்கு நேர்ந்ததும் இதுதான். பிணத்தின் பக்கத்தில் விளக்கு எரிகிறதே, காற்று நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பி அடுத்த அடி வைத்திருக்கிறார்கள்.

விளக்குக்குத் தெரியாதது ரத்தத்துக்குத் தெரியும். அதனால் ரத்தமுள்ள ஒன்றைக் கொண்டுபோ என்றார் ஹால்டேன். உடம்பு சிறுத்தால் உள்ளே எரியும் அடுப்பு வேகமாக எரியும், மூச்சும் வேகமாக ஓடும். மனிதனுக்கு மெதுவாக ஏறுகிற விஷம் சுண்டெலிக்கு விறுவிறுவென்று ஏறும். அந்த நேர வித்தியாசம்தான் மனிதனுக்குக் கிடைக்கும் அவகாசம். முதலில் அவர் சொன்னது சுண்டெலியைத்தான். வேலைக்குப் போனபின் எலியின் குறை தெரிந்தது. இருட்டில் சுருண்டு படுத்திருக்கும் எலி தூங்குகிறதா, மயங்கிவிட்டதா, சும்மா அலுத்துப்போய்க் கிடக்கிறதா என்று விளக்கைக் கிட்டே பிடித்தாலும் சொல்லமுடியாது. கேனரியிடம் அந்தக் குழப்பம் இல்லை. தண்டில் உட்கார்ந்திருக்கும், பிறகு தள்ளாடும், பிறகு விழும். மங்கின வெளிச்சத்திலும் மஞ்சள் தெரியும். போதாததற்குப் பறவைகளின் நுரையீரலோடு காற்றுப் பைகள் சேர்ந்திருப்பதால், மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று நுரையீரலின் வழியே ஓடிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜனை அள்ளுவதில் அவை கெட்டி, அதனால் விஷத்தை அள்ளுவதிலும் கெட்டி. அமெரிக்காவின் சுரங்கத் துறையும் எலிகளையும் பறவைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்துக் கேனரி பக்கமே சாய்ந்தது.

கேனரிக்குச் சுரங்கம் புது இடமும் இல்லை. ஆப்பிரிக்கக் கரையோரத் தீவுகளிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த இந்தக் குருவியை, ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில் சுரங்க வேலை பார்த்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பாட்டுப் பழக்கி விற்றுவந்தன. பகலெல்லாம் இருட்டில் கிடந்துவிட்டு வரும் ஆளுக்கு வீட்டில் ஒரு மஞ்சளும் ஒரு பாட்டும் வேண்டியிருந்திருக்கும். நச்சுக்காற்றுக்குக் காவல் என்ற உத்தியோகம் கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே அது சுரங்கக்காரர் வீட்டுப் பறவை.

1911 முதல் பிரிட்டிஷ் சுரங்கங்களில் சுரங்கத்துக்கு இரண்டு கேனரி என்பது முறையானது. அவை இருந்தது மீட்புக்கென ஒதுக்கிய நிலையங்களிலும் கொட்டகைகளிலும். தினமும் கரி வெட்டப் போகிறவரின் தோளில் அவை போகவில்லை. எங்காவது வெடித்தது, தீப்பிடித்தது என்று சேதி வந்தால் மீட்புக் குழுவோடு அவை கிளம்பும். குழுவினர் முதுகில் ஆக்சிஜன் கட்டிக்கொண்டு போனாலும் அந்த ஆக்சிஜன் கொஞ்ச நேரத்துக்குத்தான் வரும். எதுவரை கவசமில்லாமல் நடக்கலாம், எங்கே தளம் போட்டு மற்றவர்கள் நிற்கலாம், உள்ளே கிடைத்தவரை எதுவரை கொண்டுவந்தால் அவர் தானாக மூச்சு விடலாம் என்கிற எல்லைக்கோடுகளையெல்லாம் கேனரிதான் போட்டுக் கொடுத்தது. கூண்டைத் தூக்குகிறவருக்கு வேறு வேலை கிடையாது. அவர் கண் குருவியின் மேலிருந்து நகரக்கூடாது.

1913 அக்டோபர் 14-ஆம் தேதி வேல்ஸிலேயே செங்கெனித் சுரங்கம் வெடித்து 439 பேர் இறந்தார்கள். பிரிட்டனின் மிகப் பெரிய சுரங்க விபத்து இன்றுவரை அதுதான். கணக்கில் இன்னும் ஒருவரைச் சேர்க்கவேண்டும். அவர் மீட்கப் போனவர். சுரங்க விபத்துக் கணக்குகளைப் பார்த்தால் இப்படிக் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் ஒன்றும் இரண்டும் அடிக்கடி கண்ணில் படும். கேனரி அந்த ஒன்றையும் இரண்டையும் குறைக்க வந்தது.

கூண்டைப் பற்றிச் சொல்லவேண்டும். சீபி கோர்மன் நிறுவனம் செய்த ஒன்று மான்செஸ்டரில் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாம் நினைக்கிற கம்பிக் கூண்டு இல்லை அது. கண்ணாடிப் பக்கங்கள் வைத்த சின்னப் பெட்டி. முன்பக்கம் வட்டமாக ஒரு வாசல், குருவி வெளியே வராதபடி அதில் கம்பித் தடுப்பு. வாசலுக்கு ஒரு மூடி. பெட்டியின் மேல் படுக்கை வாட்டில் ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர், தூக்கிப் போகக் கைப்பிடியும் அதுவேதான். சோதிக்கும்போது வாசல் திறந்திருக்கும். குருவி தண்டிலிருந்து விழுந்ததும் வாசலை மூடி, சிலிண்டர் திருகைத் திறந்துவிட்டால் பெட்டிக்குள் ஆக்சிஜன் நிறையும். கொஞ்ச நேரத்தில் குருவி சிலிர்த்துக்கொண்டு எழும். குழு திரும்பி நடக்கும்.

இதற்கு இரக்கம் மட்டும் காரணமில்லை. மயங்கிய குருவியைப் பிழைக்க வைத்தால் அடுத்த திருப்பத்துக்கும் அது உதவும், சிக்கனக் கணக்கும் உண்டு. ஆனால் இரக்கம் இல்லாமலும் இல்லை. 1986-இல் பிரிட்டிஷ் சுரங்கங்களில் மிச்சமிருந்த 200-க்கும் மேற்பட்ட கேனரிகளுக்கு ஓய்வு கொடுத்து, எண்ணில் அளவு காட்டும் மின்னணுக் கருவிகளைக் கொண்டுவரப்போவதாக அறிவித்தபோது சுரங்கக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். அவர்கள் அந்தக் குருவிகளோடு சீட்டியடித்துப் பேசிப் பழகியவர்கள். எடின்பரோ கோட்டையிலுள்ள ஸ்காட்லாந்துப் போர் நினைவகத்தில், முதல் உலகப் போரில் எதிரியின் பதுங்குகுழிகளுக்கு அடியில் சுரங்கம் தோண்டியவர்களோடு போன கேனரிகளையும் சுண்டெலிகளையும் கல்லில் செதுக்கி, சுரங்கம் தோண்டியவர்களின் தோழர்கள் என்று பொறித்திருக்கிறார்கள்.

சொல்வழக்கு இவ்வளவையும் விட்டுவிட்டது. சிலிண்டர் போயிற்று. கூண்டை விட்டுக் கண்ணெடுக்காமல் நடந்த ஆள் போனார். விழுந்தது தெரிந்தவுடன் திரும்பவேண்டும் என்ற கட்டளை போயிற்று. மிஞ்சியது செத்த குருவி மட்டும். இன்றைக்குப் பத்திரிகையில் வரும் கேனரிகளுக்கெல்லாம் பொதுவான அடையாளம், அவை விழுந்தபின்னும் யாரும் திரும்பி நடப்பதில்லை என்பதுதான். பவளப்பாறை கேனரி என்று எழுதிப் பல வருஷமாயிற்று. குழு நடந்துகொண்டேதான் இருக்கிறது.

இந்தச் சொல்வழக்கை மனிதர்மேல் போடத் தொடங்கியபோது இன்னொரு சிக்கல் வந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் டிஎன்டி நிரப்பிய பெண்களின் தோல் மஞ்சளாகிப் போனது, ஈரல் கெட்டுச் சிலர் இறந்தார்கள். ஊர் அவர்களுக்குக் கேனரிப் பெண்கள் என்று செல்லப்பேர் வைத்தது. அது நிறத்தைப் பார்த்து வைத்த பேர், உவமை இல்லை. 1953-இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் ஃபெலிக்ஸ் கோஹன் அதை உவமையாகவே ஆக்கினார். அமெரிக்கப் பழங்குடியினரை நாடு நடத்துகிற விதம் சுரங்கக்காரரின் கேனரி மாதிரி, நாட்டின் அரசியல் காற்று கெடுவதை அது முதலில் காட்டிவிடும் என்று எழுதினார். பழங்குடியினர் உரிமைக்காக உழைத்த மனிதர் அவர், சொன்ன நோக்கத்தில் குறை காணமுடியாது. ஆனாலும் அந்த உவமைக்குள் போய் நின்று பாருங்கள். கூண்டில் இருப்பவர் பழங்குடி, கூண்டைப் பிடித்திருப்பவர் வெள்ளை அமெரிக்கர். அவர் பிழைப்பதற்கு இவர் மயங்கி விழுவது பயன்படும். இவருடைய கேடு இவருக்கே கேடு என்பது போய், அடுத்து நமக்கு வரும் என்பதால் கவலைப்படவேண்டிய விஷயமாகிறது. மனிதாபிமானிகள் இந்தப் பள்ளத்தில் தெரியாமல் விழுகிறார்கள், நம்மூரிலும்.

1969-இல் அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட் இயற்பியலாளர்கள் கூடிய சபையில் பேசும்போது கலைஞர்களைக் கேனரி என்றார். மற்றவர்களுக்கு உறைக்கும் முன்பே கலைஞர்களுக்கு உறைக்கும், மயங்கி விழுவார்கள், அதுதான் சமூகத்துக்கு அவர்களால் ஆகிற உபயோகம் என்கிற தோரணையில் பேச்சு போனது. வானகட்டுக்கு நக்கல் கைவந்தது, பாதி விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். எழுதுகிறவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தன்னைக் கேனரி என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. சிறுபத்திரிகைகளில் எழுதுகிற, படிக்கிற நமக்கு அந்தச் சுகம் தெரியாததல்ல. உண்மையில் நம்மில் பலர் விளக்குகள். காற்றில் என்ன கலந்தாலும் எரிந்துகொண்டிருப்போம்.

நிஜக் கேனரிகள் நிஜமாகவே மறுபடி தேவைப்பட்ட நாள் ஒன்றும் உண்டு. 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சுவாயு விட்ட ஓம் ஷின்ரிக்கியோ கூட்டத்தின் வளாகத்துக்குள் ஜப்பானியப் போலீசார் முகக்கவசம் மாட்டி, கையில் கூண்டுக் கேனரிகளோடு நுழைந்தார்கள். வாயு வெளியே வந்து ஆட்கள் விழுந்தபிறகு அதன் ஊற்றைத் தேடி உள்ளே போகிறவர்கள் கையில் குருவி. ஹால்டேன் சொன்ன உபயோகம் அப்படியே.

ஹால்டேன் சுரங்கத்துக்கு வருவதற்கு முன்னால் சாக்கடைக்குள் இறங்கியவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1887-இல் தாமஸ் கார்னலி என்ற வேதியியலாளரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வுகளில் ஒன்று சாக்கடைக் காற்றைப் பற்றியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடியில் ஓடும் சாக்கடைக் காற்றையும் அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அங்கே பெரிய விஷம் ஒன்றும் அகப்படவில்லை. நன்றாக ஓடுகிற, காற்றோட்டமுள்ள சாக்கடை ஆளைக் கொல்வதில்லை. தேங்கினது கொல்லும். தேங்கி அழுகும் கழிவிலிருந்து வருவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் அதன் அடையாளம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பள்ளிக்கூடம் சொல்லாதது, அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும் என்பது. நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கிற நேரம்தான் ஆள் விழுகிற நேரம்.

1895 ஜூலை 1-ஆம் தேதி லண்டனை ஒட்டிய ஈஸ்ட் ஹாமில், கழிவுநீர் இறைக்கும் நிலையத்தில் ஒரு தொழிலாளி விழுந்தார். அவரைத் தூக்க இன்னொருவர் போனார், அவரைத் தூக்க வேறொருவர் போனார். ஐந்து பேர் இறந்தார்கள். லண்டனில் போஸ்ட்மன்ஸ் பார்க் என்ற சின்னப் பூங்காவில், பிறரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட சாதாரண மனிதர்களுக்கென்று ஓவியர் வாட்ஸ் எழுப்பிய நினைவுச் சுவர் இருக்கிறது, 1900-இல் திறந்தது. அதில் ஈஸ்ட் ஹாமுக்கு ஒரு பீங்கான் பலகை. நான்கு பேர் பெயர் போட்டு, தோழர் ஒருவரைக் காக்கப் போய் இறந்தவர்கள் என்று எழுதியிருக்கிறது. முதலில் விழுந்த அந்தத் தோழரின் பெயர் பலகையில் இல்லை. தியாகிகளுக்கான சுவர் அது. அவர் வேலை பார்க்கப் போய் இறந்தவர்தானே.

இந்த வரிசை நமக்கு அந்நியமானதில்லை. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் மாவட்டப் பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும். வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர் மேலே வரவில்லை, அவரைத் தூக்க இறங்கிய தம்பியும் வரவில்லை, எட்டிப் பார்த்த வீட்டுக்காரர் மகனும் உள்ளே விழுந்தார். ‘காப்பாற்றச் சென்றவர்களும் பலி’ என்று துணைத் தலைப்பு. சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி மரணங்கள் குறித்து ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த பட்டியல்களில் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றிருக்கிறது. இறங்கச் சொல்லப்படுகிறவர் யார் என்பது சாதியால் முன்கூட்டியே தீர்மானமாகியிருக்கிறது. திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் 2017-இல் வந்தபோது இதைப் பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொள்ள முடியாதபடி செய்தது. அதன்பிறகும் கண்ணை மூடிக்கொள்ள முடிந்தது.

அமெரிக்காவில் தொழிலிடப் பாதுகாப்பை ஆராயும் தேசிய நிறுவனம், மூடிய குறுகலான இடங்களில் நேரும் மரணங்களைக் குறித்து ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அப்படி இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள் என்றது அது. அந்த எச்சரிக்கை வந்ததும் 1986-இல்தான், பிரிட்டன் கேனரிகளுக்கு ஓய்வு அறிவித்த அதே ஆண்டு. பாதிக்கும் மேல், இரண்டாவதாக இறங்கியவர்கள்.

தொழிலாளர்களிடம் கைவசம் இருக்கும் சோதனை என்ன? மூடியைத் திறந்துவைத்துக் காத்திருப்பது. தீக்குச்சியைக் கிழித்துப் போடுவது, அதிலேயே ஆபத்து உண்டு, மீத்தேன் இருந்தால் வெடிக்கும். திறந்ததும் கரப்பான்பூச்சி ஓடினால் உள்ளே காற்று இருக்கிறது என்று சொல்லும் தொழிலாளர்களும் உண்டு. கரப்பான் அவர்களுடைய கேனரி. மனிதனைவிட முந்தி விழுகிற உயிரைத் தேடி ஹால்டேன் கேனரிக்கு வந்து சேர்ந்தார். கரப்பானோ மனிதன் விழுந்து வெகுநேரம் கழித்தும் மீசையை ஆட்டிக்கொண்டிருக்கும்.

2013-ஆம் ஆண்டுச் சட்டம் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. 2014-இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்றது, 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டத்தோடு வந்த விதிகளில் பாதுகாப்புச் சாதனங்களின் நீண்ட பட்டியல் இருக்கிறது. நான்கு வாயுக்களை அளக்கும் கருவி அதில் உண்டு. இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அளவுதான் இருக்கும், கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் எல்லை தாண்டினால் அலறும், ஆக்சிஜன் குறைந்தாலும் மீத்தேன் கூடினாலும் அலறும். கேனரிக்கு ஓய்வு கொடுத்த கருவியின் பேரப்பிள்ளை அது. அதே பட்டியலில் முக்காலியும் இருக்கிறது. மூன்று கால்களைத் தொட்டி வாய்க்கு மேல் விரித்து நிறுத்தி, உச்சியில் கப்பி மாட்டி, உள்ளே போகிறவரின் உடம்புப் பட்டையைக் கம்பிவடத்தில் கோத்துவிடுவது. அவர் குரல் நின்றால் மேலே இருப்பவர் கைப்பிடியைச் சுற்றவேண்டும், ஆள் மேலே வந்துவிடுவார். இறங்கித் தூக்கவேண்டிய அவசியமே இல்லை.

முதலாமவரைக் காக்கவும் அது உதவும் என்றாலும், முக்காலி முக்கியமாக ஒழிப்பது இரண்டாமவரை. ஒருவர் உள்ளே விழுந்து கிடக்கையில் மேலே நிற்கிறவரிடம் யோசி, இறங்காதே என்று சொல்வதில் பிரயோசனம் இல்லை. கிடப்பது அண்ணனாக இருக்கும், மாமனாக இருக்கும், காலையில் ஒரே பைக்கில் வந்தவராக இருக்கும். அந்த நேரத்தில் அவர் கைக்கு ஒரு வேலை கொடுத்தால்தான் கால் நிற்கும். தொட்டி சுத்தம் செய்ய வீட்டுக்காரர்கள் கூப்பிடுகிற லாரியில் இன்றைக்கு வந்து இறங்குவது மோட்டார், உறிஞ்சு குழாய், அடியில் கெட்டித்ததைக் கிளற ஒரு மூங்கில் கழி, வாளி, கயிறு. பேரம் பேசுகிறபோது நாம் கேட்பது எத்தனை நடை அடிக்கவேண்டியிருக்கும், நடைக்கு எவ்வளவு என்பதை. முக்காலி கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டுப் பார்த்தால், அப்படியென்றால் என்ன சார் என்று ஓட்டுநர் திருப்பிக் கேட்பார்.